இத்தாலிய வட்டாரச் சமையல் தாள்: சமையல் குறிப்பை மூடிவிட்டு விதிமுறையைப் படியுங்கள்

ரிசல்ட் வந்துவிட்டது. 30-க்கு 27. மூன்று மதிப்பெண் எங்கே போனது என்று எனக்குத் தெரியும், அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. அதைக் கீழே சொல்கிறேன். அடுத்த முறை எழுதப் போகிறவர்கள் நோட்ஸ் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அதனால்தான் இது. எழுத்து, செய்முறை, வைவா என்ற அமைப்பையெல்லாம் விளக்கப் போவதில்லை.

என் நோட்ஸால் உங்களுக்குப் பெரிய பயன் இல்லை. டிஷிப்ளினாரே என்ற விதிமுறை ஆவணத்தைப் படியுங்கள், அது போதும். டிஓபி, ஐஜிபி என்பவை இன்ன பகுதிப் பொருள் என்று ஐரோப்பிய ஒன்றியம் தரும் முத்திரைகள். அவற்றை வாங்கிய ஒவ்வொரு பொருளுக்கும் 'இதை இப்படித்தான் செய்ய வேண்டும்' என்று அப்படி ஓர் ஆவணம் உண்டு. வேளாண் அமைச்சகத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பெரும்பாலும் சில பக்கங்கள்தான். என்னோடு படித்தவர்கள் 20 மாநிலங்களின் சமையல் குறிப்புகளையும் உருப்போட்டார்கள். தாளில் 'எப்படிச் செய்வாய்' என்று ஒரு கேள்விகூட இல்லை. 'ஏன் கூடாது', 'எங்கே எல்லை' என்றுதான் கேட்டார்கள்.

உதாரணத்துக்கு பார்மிஜானோ ரெஜ்ஜானோ, கிரானா பதானோ என்ற இரண்டு சீஸ்கள். பார்க்க இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். முதலாவதுக்குக் குறைந்தது 12 மாதம் முதிர்ச்சி, இரண்டாவதுக்கு 9. இதை எல்லோரும் எழுதிவிடுவார்கள். மாட்டுக்கு என்ன தீனி போடலாம் என்பதில்தான் மதிப்பெண் இருக்கிறது. பார்மிஜானோவுக்குப் பால் தரும் மாட்டுக்கு, புளிக்க வைத்த பசுந்தீவனமான சைலேஜ் கொடுக்கவே கூடாது. கிரானாவில் கொடுக்கலாம். அந்தத் தீவனத்தோடு வரும் நுண்ணுயிரிகள் சீஸை உள்ளே உப்ப வைத்துவிடும் என்பதால்தான் அங்கே முட்டையிலிருந்து எடுக்கும் லைசோசைம் என்ற பொருளுக்கு அனுமதி. பார்மிஜானோவில் அதுவும் கிடையாது. தீனியில் ஆரம்பித்து லைசோசைமில் முடித்தால் முழு மதிப்பெண். (சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் கவனிக்க: பார்மிஜானோவில் பாலைத் திரிய வைக்கக் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட்தான் போட வேண்டும், அது விதி. சீஸ்தானே என்று நம்பிச் சாப்பிட்டுவிட்டு அப்புறம் வருத்தப்படாதீர்கள்.)

வைவாவில் என் முன்னால் இரண்டு பீங்கான் கிண்ணங்களை வைத்தார்கள். இரண்டிலும் மொதேனா பால்சாமிகோ வினிகர். சாய்த்துப் பார்த்தேன். ஒன்று சட்டென்று ஓடியது, இன்னொன்று ஓரத்தில் ஒட்டிக்கொண்டு மெதுவாக இறங்கியது. "எது எதுன்னு சொல்ல வேண்டாம், ஏன்னு மட்டும் சொல்" என்றார் பேராசிரியர். 'த்ரதித்ஸியொனாலே' என்று பெயரில் இருக்கும் டிஓபி வகையில் காய்ச்சிய திராட்சைச் சாறு தவிர வேறெதுவும் சேராது. பெரிதிலிருந்து சிறிதாக வரிசை கட்டிய மரப் பீப்பாய்களில், வெயிலும் குளிரும் மாறி மாறித் தாக்கும் மேல்மாடத்தில், குறைந்தது 12 வருடம் கிடக்கும். 25 தாண்டினால் 'எக்ஸ்த்ராவெக்கியோ'. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் ஐஜிபி வகை திராட்சைச் சாறும் ஒயின் வினிகரும் கலந்தது, அதற்கு 60 நாள் போதும். இதோடு நான் ஒரு வரி சேர்த்துச் சொன்னேன்: கெட்டியை வைத்து மட்டும் முடிவு செய்ய முடியாது, சாறு அதிகம் சேர்த்த ஐஜிபியும் கெட்டியாகத்தான் இருக்கும். பேராசிரியர் பேனாவை மூடி வைத்துவிட்டார். என் 27-இல் பாதி அங்கே வந்ததுதான் என்று நினைக்கிறேன்.

பெயரைப் பார்த்து ஊரைச் சொல்லி மாட்டிக்கொள்ளும் இடங்கள், வேகமாக:

- பெக்கோரினோ ரொமானோ: செம்மறி ஆட்டுப்பால் சீஸ். ரோமின் பெயர், ஆனால் பெரும்பகுதி தயாராவது சார்டினியாவில்.
- ஜெனொவேசே: ஜெனோவாவில் பேசில் இலைச் சட்னியான பெஸ்டோ. நேப்பிள்ஸில் அதே பெயரில் வெங்காயமும் மாட்டிறைச்சியும் மணிக்கணக்கில் வெந்த குழம்பு.
- அமத்ரிச்சானா: பாஸ்தாவுக்கான குழம்பு. அதன் ஊரான அமத்ரிச்சே இன்று ரோம் இருக்கும் லாட்சியோவில் இருக்கிறது. 1927 வரை அப்ருட்சோ பக்கம். குவாஞ்சாலே என்ற பதப்படுத்திய பன்றிக் கன்ன இறைச்சி, பெக்கோரினோ, தக்காளி. வெங்காயத்துக்கு இடமில்லை.
- பக்கலா அல்லா விச்சென்தீனா: பக்கலா என்றால் மற்ற இடங்களில் உப்பிட்ட காட் மீன். விச்சென்சாவில் போடுவது உப்பே இல்லாமல் காற்றில் காய்ந்த நார்வே மீன். 1431-இல் கிளம்பிக் கப்பல் உடைந்து நார்வேயின் லோஃபோடென் தீவுகளில் ஒதுங்கிய வெனிஸ் வணிகர் பியெத்ரோ குவெரீனியின் கதையை இங்கே கட்டாயம் எழுதுங்கள்.

வரைபடத்தைக் கொழுப்பை வைத்துப் பிரியுங்கள். வடக்கில் வெண்ணெய், பொலோன்யா இருக்கும் எமிலியாவில் பன்றிக் கொழுப்பு, தெற்கில் ஆலிவ் எண்ணெய். விதிவிலக்கிலிருந்துதான் கேள்வி வரும். லிகூரியா வடக்கே இருந்தும் ஆலிவ் எண்ணெய்ப் பகுதி, காரணம் கடலும் பின்னால் குளிரை மறிக்கும் மலையும். கார்தா ஏரிக்கரையும் அப்படியே. கடலே இல்லாத பியமோந்தேயில் பான்யா காவுதா என்ற சூடான பூண்டுக் குழம்புக்கு நெத்திலி எங்கிருந்து வந்தது என்றால், லிகூரியாவிலிருந்து மலை ஏறிய உப்பு வணிகப் பாதைகளை எழுத வேண்டும். பாஸ்தாவும் இப்படித்தான்: எமிலியாவில் மென்கோதுமை மாவும் முட்டையும், தெற்கில் டூரம் என்ற கடினக் கோதுமையின் ரவையும் தண்ணீரும். இத்தாலியில் செய்து அங்கேயே விற்கும் உலர் பாஸ்தா டூரத்தில்தான் இருக்க வேண்டும் என்று 1967-இல் சட்டமே வந்தது.

இப்போது செய்முறைத் தேர்வு. டல்யட்டெல்லே, அதாவது நாடா வடிவப் பாஸ்தா. 100 கிராம் மாவுக்கு ஒரு முட்டை, பிசைந்து மூடி அரை மணி ஓய்வு, பிறகு மத்தரெல்லோ என்ற நீளமான உருட்டுக்கட்டையால் தேய்ப்பது. மெஷின் கிடையாது. விரித்த மாவைத் தூக்கிப் பிடித்தால் அதன் வழியே குன்றின் மேலிருக்கும் சான் லூக்கா கோவில் தெரிய வேண்டும் என்று பொலோன்யாக்காரர்கள் சொல்வார்கள். நமக்கு ஜன்னல் சட்டம் நிழலாகத் தெரிந்தால் போதும். அகலம் வெந்த பிறகு 8 மில்லிமீட்டர், 1972-இல் பொலோன்யா வணிகச் சபையில் பதிவான அளவு. பச்சையாக 7 அளவில் வெட்டினால் சரியாக வரும். ஸ்கேல் வைத்துத்தான் அளக்கிறார்கள்.

அகலத்தில் எனக்குப் பிழை இல்லை. எனக்குக் கொடுத்த பலகை ஹீட்டருக்கு ஒட்டினாற்போல் இருந்தது. மாற்றிக் கேட்டேன், முடியாது என்றார்கள். ஓரம் காய்ந்து கீறிவிட்டது, 'விளிம்பு வெடிப்பு' என்று கழித்துவிட்டார்கள். ஈரத் துணி ஒன்று கைவசம் வைத்திருங்கள், பாதியைத் தேய்க்கும்போது மீதியை அதால் மூடிக்கொள்ளலாம். சீக்கிரம் போய் ஹீட்டருக்குத் தூரமான பலகையாகப் பார்த்து நின்றுகொள்ளுங்கள்.

பண்டிகை உணவு சின்னப் பகுதிதான், விட்டுவிடாதீர்கள்:

- டிசம்பர் 13, சாந்தா லுச்சியா: பலெர்மோவில் அன்று ரொட்டியும் பாஸ்தாவும் கிடையாது. முழுக் கோதுமையை வேக வைத்த குச்சீயா, பொரித்த சோற்று உருண்டையான அரன்சீனே. பஞ்ச காலத்தில் தானியக் கப்பல் வந்ததும் அரைக்கக்கூடப் பொறுக்காமல் அப்படியே வேக வைத்தார்கள் என்பது கதை.
- மார்ச் 19, புனித யோசேப்பு நாள்: நேப்பிள்ஸில் ஜெப்போலே என்ற இனிப்புப் பலகாரம்.
- ஈஸ்டர்: அதே ஊரில் பஸ்தியேரா என்ற இனிப்புப் பை.
- கிறிஸ்துமஸ்: பொலோன்யாவில் சூப்பில் மிதக்கும் டோர்தெல்லீனி, பூரணம் வைத்த குட்டிப் பாஸ்தா. கிரீமில் என்று எழுதாதீர்கள், திருத்துகிறவர் உள்ளூர்க்காரர்.

குழுவாகப் படித்தால் எனக்கு ஒன்றும் ஏறாது, தனியாகவே படித்தேன். கார்போனாரா பாஸ்தாவை எப்படிச் செய்வது என்ற சண்டையில் ஒரு மாலை முழுக்கப் போவதை அறைக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறேன். உங்களுக்கு அது ஒத்துவந்தால் சரி. எல்லாவற்றையும் சமைத்துப் பார்க்கவும் தேவையில்லை, காசுதான் கரையும். சீஸையும் வினிகரையும் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ருசி பாருங்கள்.

கடைசியாக, வைவா முடிந்ததும் மதிப்பெண்ணைச் சொல்லி ஏற்கிறாயா என்று கேட்பார்கள். மறுத்துவிட்டு அடுத்த முறை எழுதலாம். என் தோழி 26-ஐ மறுத்துவிட்டுக் காத்திருக்கிறாள். நான் ஹீட்டரை நினைத்து ஒரு நொடி தயங்கினேன், அப்புறம் கையெழுத்துப் போட்டுவிட்டேன். உதவித்தொகைக்கு இந்த முறையே கிரெடிட் வேண்டியவர்கள் மறுக்காதீர்கள்.