அரைப் பீப்பாய்த் தேயிலை

மார்ச் 3, 2024
அப்பா திருகோணமலைக்கு எங்களோடு வந்து ஐந்து வருடமாகிறது. வரும்போது உடுப்பை விட மண்தான் அதிகம் கொண்டுவந்தார். இரண்டு தேயிலைக் கன்று, நாலு உரப்பை நிறையத் தோட்டத்து மண். நீலப் பீப்பாய் ஒன்றைக் குறுக்கே அறுத்து வேப்பமரத்தடியில் வைத்து நட்டார். இந்த உப்புவெளி வெக்கையில் தேயிலையா, வேண்டாம் என்றேன். "நீ உன் வகுப்பப் பாரு புள்ள, நான் என் மலையப் பாக்குறேன்" என்றார். மலைநாட்டில் தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கங்காணியாக இருந்தவர். அங்கே மலை என்றால் தேயிலை நிற்கிற ஒரு துண்டு நிலம். இப்போது அவருடைய மலை இரண்டு அரைப் பீப்பாய்.

தேயிலைக்குப் புளித்த மண், அதாவது அமில மண் வேண்டும். பீ.எச். 4.5 முதல் 5.5 வரை இருந்தால்தான் அதற்குச் சுகம். எங்கள் கிணற்றுத் தண்ணீரோ கேத்தலில் வெள்ளை படிய வைக்கிற ரகம். அதனால் மழைத்தண்ணீர் பிடித்து வைத்து ஊற்றுகிறார். மாசியில் மழை நின்றுவிட்டது. காலையில் ஊற்றினால் மத்தியானம் மண் வெடிக்கிறது.

தம்பலகாமத்தில் அறுவடை முடிந்த நேரம். இரண்டு கட்டு வைக்கோல் வாங்கி வந்தேன். மூடுபடை போட்டால் ஈரம் நிற்கும், உயிரியல் ரீச்சருக்கு இதுகூடத் தெரியாதா? சீக்கிரம் உக்கட்டும் என்று சின்னதாக வெட்டி மேல்மண்ணோடு நன்றாகக் கிண்டியும் விட்டேன். அப்பா அப்போது கடைக்குப் போயிருந்தார்.

மார்ச் 24
இரண்டு செடியும் மஞ்சள். கீழே இருக்கிற முதிர்ந்த இலைகள்தான் முதலில் வெளுத்தன, கொழுந்து பச்சையாகவே நிற்கிறது. இரும்பு பற்றாமல் போயிருந்தால் கொழுந்துதான் முதலில் வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றிருக்கும். எனவே கிணற்றுத் தண்ணீர் மேல் பழி போட முடியாது. இது நைதரசன் பசி. கணக்கு எனக்கு உடனே விளங்கிவிட்டது, வெட்கமாகவும் இருந்தது.

வைக்கோலை உக்கவைக்கிற மண் நுண்ணங்கியின் உடம்பில் நைதரசன் ஒரு பங்கென்றால் காபன் எட்டுப் பங்கு. மூச்சுவிட்டுச் செலவழிப்பதையும் சேர்த்தால் அதன் சாப்பாட்டில் ஒன்றுக்கு இருபத்தைந்து அளவில் இருக்கலாம். வைக்கோலில் ஒன்றுக்கு எண்பது. இவ்வளவு காபனைக் கண்டதும் பங்கசு என்கிற பூஞ்சையும் பற்றீரியாவும் பெருகும். ஆனால் உடம்பு வளர்க்க நைதரசன் போதாது, அதைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து இழுத்துக்கொள்ளும். செடி பார்த்துக்கொண்டு நிற்கும். அவை செத்து உக்கும்போது அந்த நைதரசன் திரும்பி வரும் என்பது உண்மை. அதுவரை அரைப் பீப்பாய்ச் செடி எங்கே போகும்? வைக்கோலை மேலே மட்டும் பரப்பியிருந்தால் இந்த இழுபறி மண் தொடுகிற மெல்லிய படையோடு நின்றிருக்கும். கிண்டியதுதான் வினை.

அப்பாவிடம் ஒப்புக்கொண்டேன். "மானாப் புல்ல மேலதான் பரத்துவோம். உள்ள வச்சுக் கிண்டுனா தொர ஏசுவாரு. ஏன்னு அவரும் சொல்லல, நாங்களும் கேக்கல."

கிடைத்த வைக்கோல் துண்டுகளைப் பொறுக்கி எடுத்தேன். வேலியில் கிளிசரியா மரம் தழைத்து நிற்கிறது, அதை வெட்டி இலையை மட்டும் மேலே பரப்பினோம். அதில் நைதரசன் ஒன்றுக்குப் பதினைந்து அளவில்தான் காபன். மலையில் முள்முருக்கும் கிளிசரியாவும் நிழலுக்கு நட்டு, கிளை வெட்டித் தேயிலைக்கடியில் போடுவதன் காரணம் இதுதான்.

இன்னொரு வேலையும் பார்த்தேன். அப்பா கட்டிப் பழசான பருத்திச் சாரத்தில் உள்ளங்கை அளவு இரண்டு துண்டு கிழித்து, ஒன்றை வீட்டுத் தோட்டத்தில் இதே இலை மூடிய பாத்தியிலும் மற்றதைப் பக்கத்து வெறும் மண்ணிலும் எட்டு சென்ரிமீற்றர் ஆழத்தில் புதைத்தேன். பருத்தி அநேகமாக முழுக்க செலுலோசு. எங்கே வேகமாக மறைகிறதோ அங்கே தின்கிறவர்கள் அதிகம். உலகம் முழுக்கத் தேயிலைப் பைகளைப் புதைத்து இப்படி அளக்கிறார்கள். பச்சைத் தேயிலை ஒரு பை, ரூயிபொஸ் என்கிற மூலிகைத் தேநீர் ஒரு பை, 90 நாள். ரூயிபொஸுக்கு நான் எங்கே போவது? சாரம் போதும்.

ஏப்ரல் 17
வருடப்பிறப்பு லீவுக்குத் தலவாக்கலை. கண்டி வரை ஒரு பஸ், பிறகு இன்னொன்று, பிறகு ஓட்டோ. தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருப்பதும் இந்த ஊர்ப்பக்கம்தான். 1925இல் தொடங்கியது, வருகிற வருடம் நூறு. அப்பாவுக்கு அந்தப் பெயரில் பாதி மரியாதை, பாதி கேலி.

சித்தப்பா வேலை செய்யும் தோட்டத்தில் மறுநடுகை செய்த மலை ஒன்றைக் காட்டினார். பழைய தேயிலையைப் பிடுங்கியதும் கன்று வைக்க மாட்டார்கள். ஒன்றரை, இரண்டு வருடம் மானாப் புல்லோ குவாத்தமாலாப் புல்லோ வளர்த்து, வெட்டி வெட்டி அங்கேயே போடுவார்கள். தேயிலை வேரைத் தின்கிற நூற்புழுவுக்கு அந்த நேரம் தீனி இல்லாமல் போகும் என்பது இன்னொரு லாபம். புல்லை விலக்கிக் கையை விட்டேன். சில்லென்று இருந்தது. பாதி உக்கிய தண்டுகளில் வெள்ளை நூல் நூலாகப் பங்கசு. புளித்த மண்ணில் பற்றீரியாவை விட அதன் கைதான் ஓங்கும். மண்ணை முகர்ந்தால் முதல் மழை வாசம். அக்டினோமைசீற்று வகைப் பற்றீரியாக்கள் விடுகிற வாசம் அது. இரண்டு மண்புழு கையில் வந்தன.

பாதைக்கு மேல் பழைய மலை. வடிகால் கான் ஓரமெல்லாம் மொட்டை, மண் சிவந்து இறுகிப் போயிருந்தது. "கவ்வாத்துக் குச்சி எங்கே?" என்று கேட்டேன். சித்தப்பா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். கேட்டிருக்கக் கூடாது. எங்கள் லயத்து வீட்டு அடுப்பு எரிந்ததே தேயிலையைக் கவ்வாத்து வெட்டும்போது விழுகிற அந்தக் குச்சியில்தான். அம்மா கூடையோடு கொழுந்து நிறுத்துவிட்டு, வரும் வழியில் ஒரு கட்டு விறகு தலையில் வைத்துக்கொண்டு வருவார். அந்தக் குச்சியும் இலையும் மலையிலேயே கிடந்தால் மண்ணுக்கு நல்லது என்று எந்தக் கையேடும் எழுதும். கேஸ் சிலிண்டர் விலையையும் சேர்த்து எழுதினால் நம்பலாம்.

2021இல் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தியபோது இலையும் புல்லும் போட்டால் சரியாகிவிடும் என்று மேடையில் பேசினார்கள். மூடுபடை மண்ணுயிருக்குச் சோறு போடும். மாதாமாதம் பறித்துக்கொண்டு போகிற கொழுந்தின் நைதரசனை அந்தப் பருவத்திலேயே ஈடு கட்டாது. நவம்பரில் தடையை எடுத்தார்கள், ஆனாலும் கொழுந்து குறைந்துதான் போனது.

திரும்பும்போது சித்தப்பா ஒரு கன்றின் தூரைத் தொட்டுக் காட்டினார். தூரைச் சுற்றி ஒரு சாண் இடம் விட்டுத்தான் புல் கிடந்தது. "தூர ஒட்டிப் போட்டா கறுப்பு வேர் நோய் வரும், அது சருகு வழியா நடந்து வரும்." அதுவும் பங்கசுதான். எல்லாப் பங்கசும் நண்பர் இல்லை.

இரண்டு ஜாம் போத்தலில் மண் எடுத்தேன், புல்லடியில் ஒன்று, மொட்டைக் கானோரத்தில் ஒன்று.

ஏப்ரல் 21
அப்பாவின் வெற்றிலைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து, தெளிந்ததை வடித்தேன். நூறு நூறு கிராம் மண் இரண்டு பெரிய போத்தலில், உள்ளே சின்னக் கிண்ணத்தில் தெளிநீர், மூடி இறுக்கம். மண் மூச்சுவிட்டால் காபனீரொட்சைட்டு சுண்ணாம்பைப் பால் போலாக்கும். காலையில் புல்லடி மண்ணின் கிண்ணத்தில் வெள்ளை ஆடை, கானோர மண்ணில் லேசான மங்கல். அப்பாவுக்குப் பெருமை பிடிபடவில்லை.

எனக்குச் சந்தேகம். ஒன்று ஈரம், மற்றது காய்ந்தது. காய்ந்த மண்ணில் நுண்ணங்கி சாகவில்லை, தூங்குகிறது. இரண்டையும் ஒரே ஈரத்துக்குக் கொண்டுவந்து மறுபடி வைத்தேன்.

ஏப்ரல் 22
மொட்டை மண்ணும் பாலாகிவிட்டது! வறண்ட மண் நனைந்ததும் மூச்சு குப்பென்று எழும்பும், படித்திருக்கிறேன், பார்த்ததில்லை. அப்பா முகம் சுருங்கிப்போனது. தெளிநீரை மாற்றி வைத்தேன்.

ஏப்ரல் 25
மூன்று நாளும் புதுத் தெளிநீர். மொட்டை மண் முதல் நாளோடு அடங்கிவிட்டது, இன்று கிண்ணம் கண்ணாடி மாதிரி. புல்லடி மண் இன்னும் ஆடை போடுகிறது. தின்ன ஏதும் இருந்தால்தானே மூச்சு நீளும். அப்பா சுண்ணாம்பு டப்பாவைத் திருப்பிக் கேட்கிறார், காலி.

மே 19
கச்சான் என்கிற வறண்ட வெக்கைக் காற்று. துணி காயப்போட்டால் பத்து நிமிடத்தில் விறைக்கிறது. பள்ளிக்கூட வெப்பமானியை மத்தியானம் ஐந்து சென்ரிமீற்றர் ஆழத்தில் குத்தினேன். வெறும் மண்ணில் 42 பாகை, இலைக்கடியில் 33.

சாரத்தைத் தோண்டினேன். எட்டு வாரம். வெறும் மண் துண்டைக் கழுவினால் கைலேஞ்சியாகப் பாவிக்கலாம், கட்டம்கூட அழியவில்லை. இலையடித் துண்டு சல்லடை, தூக்கும்போதே இரண்டாகக் கிழிந்தது. பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்ன ரீச்சர், செய்வினை எடுக்கிறீங்களோ?" என்றார்.

ஆனால் இலையும் போய்விட்டது. மார்ச்சில் முழங்கை உயரம் போட்ட கிளிசரியாவில் இப்போது நரம்பும் காம்பும்தான் மிச்சம். மலைக் குளிரில் மாதக்கணக்கில் கிடக்கிற படுக்கை இங்கே ஈரம் காட்டினால் சில வாரத்தில் தீர்ந்துவிடுகிறது. வைக்கோலைப் பழித்தேன், நீண்ட நாள் நிற்பது அதுதான். இனி கீழே கிளிசரியா, மேலே வைக்கோல், கிண்டிவிடுவது கிடையாது. செடியில் ஒன்று புதுக் கொழுந்து விட்டிருக்கிறது. மற்றது யோசிக்கிறது.

ஜூன் 9
நேற்று யாரோ வீட்டு ஆடு வந்து கிளிசரியா மூடுபடையைச் சுத்தமாகத் தின்றுவிட்டுப் போயிருக்கிறது. வைக்கோலைத் தொடவில்லை, அதற்கும் நைதரசன் கணக்குத் தெரிந்திருக்கிறது.

அப்பா வேப்பஞ்சருகைக் கூட்டிப் பீப்பாயில் போடப் போனார், தடுத்தேன். வேப்பம் பிண்ணாக்கு அமோனியத்தை நைத்திரேற்றாக்கும் பற்றீரியாவை மந்தப்படுத்தும். தேயிலைக்கு அமோனியமே பிடிக்கும் என்பதால் அது கெடுதல் என்றும் சொல்ல முடியாது. சருகு உக்கவைக்கிற நுண்ணங்கிகளையும் மந்தப்படுத்துமா? இதற்குச் சண்டை பிடிப்பதை விடப் புதைத்துப் பார்ப்பது சுலபம். வேப்பஞ்சருகடியில் ஒரு துண்டு, வைக்கோலடியில் ஒரு துண்டு. பழைய சாரம் தீர்ந்துவிட்டது. கட்டியிருந்ததின் ஓரத்தைப் பார்த்தேன், அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார். கடைசியில் என் கணவரின் வேட்டியில்தான் கிழித்தோம், அவருக்கு இன்னும் சொல்லவில்லை.