ட்ரெய்லரில் பெற்றோல் ஏத்துறவங்களுக்கு

மீமுரை மலைக் கிராமத்துப் பக்கம் ஜீப் கொண்டு போற தம்பிமாரே, மேலதிக பெற்றோலைத் திறந்த ட்ரெய்லர்ல ஏத்துறது நல்லதுதான். பெற்றோல் ஆவி காத்தை விட பாரம், ஜீப்புக்குள்ளன்னா அடியிலயே தங்கிடும். ஆனா ட்ரெய்லரோட பின் ஓரத்துல கட்டாதீங்க. பின்னால வர்ற பஸ் லேசா இடிச்சாலே போச்சு! ட்ரெய்லர் சக்கர அச்சுக்குச் சற்று முன்னால கேனை நிமிர்த்தி வச்சு பெல்ட்டால இறுக்குங்க. 20 லீட்டர் பெற்றோல் 15 கிலோ கிட்ட வரும், வளைவுல சும்மா இருக்காது.

நுவரெலியா குளிர்ல கழுத்து வரைக்கும் நிரப்பிட்டு மஹியங்கனை வெயிலுக்கு இறங்கினா கேன் பூரி மாதிரி உப்பிக்கும். மேல கொஞ்சம் இடம் விடுங்க. நிரப்பும்போது கேனைத் தரையில இறக்கி வைங்க, இல்லாட்டி நிலைமின்சாரப் பொறி தட்டலாம். தண்ணி கேன்ல பெற்றோல் கொண்டு வர்றவங்களை நான் ஜீப் பக்கமே அண்ட விடுறதில்ல.