மருத்துவர்–நோயாளி உரையாடலைக் குறியிடக் கற்பவர்களுக்கு

இந்த ஆய்வுக்குப் புதிதாக வருபவர்கள் முதல் நாளே குறியீட்டுப் பட்டியலை, அதாவது பேச்சுத்துண்டுகளுக்கு இடும் வகைப்பெயர்களை, மனப்பாடம் செய்ய உட்கார்ந்துவிடுகிறார்கள். அதைத் தள்ளிவையுங்கள். முதலில் கைவர வேண்டியது பேச்சைக் கூறு பிரிப்பது. மருத்துவ உரையாடலைக் குறியிடும் ரோட்டர் முறையில் (ஆர்ஐஏஎஸ்) தனிப்பொருள் தரும் மிகச் சிறிய பேச்சுத்துண்டே ஒரு கூறு. "நேத்து காய்ச்சல் இருந்துச்சு, மாத்திரை போட்டேன், இப்போ பயமா இருக்கு" என்று ஒரே மூச்சில் சொன்னாலும் அதில் மூன்று கூறுகள்: நோய்த் தகவல், சிகிச்சைத் தகவல், கவலை. ஒருவர் இரண்டாகவும் மற்றவர் மூன்றாகவும் வெட்டினால் பிறகு இருவரின் குறியீடுகளை ஒப்பிட்டுப் பயனில்லை.

இன்னொரு குறியீட்டு முறையான வெரோனா முறை உணர்ச்சியை மட்டும் பின்தொடர்கிறது. பெரும்பாலோர் தடுமாறுவது, வெளிப்படையான கவலையையும் மறைமுகக் குறிப்பையும் பிரிக்கும் இடத்தில். விரும்பத்தகாத உணர்ச்சியை நோயாளி தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். அது இப்போதையதாகவோ அண்மையதாகவோ இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் கவலை. "என்னமோ மாதிரி இருக்கு" என்பதில் உணர்ச்சி தெளிவாகவில்லை, ஆகவே குறிப்பு. "ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அப்பா போனப்போ ரொம்பப் பயந்துட்டேன்" என்பதில் பயம் வெளிப்படையாகவே வருகிறது. ஆனால் ஒரு மாதத்துக்கு மேல் பழையது என்பதால் இதுவும் குறிப்புதான்.

இரக்க மனம் உள்ளவர்களே இங்கே அதிகம் வழுக்குகிறார்கள். நோயாளி மனதில் என்ன இருந்திருக்கும் என்று ஊகித்துக் கவலை என்று எழுதிவிடுகிறார்கள். ஒவ்வொரு குறியீட்டுக்குப் பக்கத்திலும் அதற்கு ஆதாரமான சொல்லையும் ஒலிப்பதிவின் நொடியையும் எழுதுங்கள். எழுத முடியவில்லை என்றால் அந்தக் குறியீடு நிற்காது.

மருத்துவரின் பதிலுக்கு இரண்டே கேள்விகள். நோயாளி சொன்னதைப் பெயர்சொல்லித் தொட்டாரா? மேலே பேச இடம் கொடுத்தாரா, அடைத்தாரா? "பயமா இருக்குன்னீங்களே, அதைப் பத்திச் சொல்லுங்க" என்பது தொட்டு, இடம் கொடுப்பது. வெறும் "ம்ம்" எதையும் தொடாவிட்டாலும் இடம் கொடுக்கிறது. "சரி, இருமல் இருக்கா?" அடைத்துவிடுகிறது. கனிவான குரலுக்கு மதிப்பெண் போடுவது இந்த வேலையல்ல.

வரையறை எவ்வளவு முக்கியம் என்பதற்கு பெக்மேன், ஃபிராங்கல் 1984இல் வெளியிட்ட ஆய்வைச் சொல்லலாம். 74 சந்திப்புகளில் 23 சதவீதத்தில்தான் நோயாளி தன் தொடக்கப் பேச்சை முடிக்க முடிந்தது. 69 சதவீதத்தில் மருத்துவர் குறுக்கிட்டு, சராசரியாக 18 நொடிகளில் பேச்சை வேறு திசைக்குத் திருப்பிவிட்டார். குரல் மேல் குரல் விழுவதை மட்டும் குறுக்கீடு என்று எண்ணியிருந்தால் இந்த எண்கள் கிடைத்திருக்காது. பேச்சை ஒரே அறிகுறிக்குள் சுருக்கும் மூடிய கேள்வியையும் அவர்கள் கணக்கில் எடுத்தார்கள். உங்கள் கையேட்டிலும் எது சேரும், எது சேராது என்று உதாரணத்தோடு இருக்கட்டும்.

இருவர் தனித்தனியாகக் குறியிட்ட பின் உடன்பாட்டைச் சதவீதத்தில் சொல்லித் திருப்திப்படாதீர்கள். 100 கூறுகளில் இருவரும் ஆளுக்கு 5 இடத்தில் 'குறிப்பு' போட்டு, ஒரே ஓர் இடத்தில் மட்டும் ஒத்துப்போனதாக வையுங்கள். இருவரும் விட்டுவிட்ட 91ஐயும் சேர்த்தால் உடன்பாடு 92 சதவீதம். ஆனால் தற்செயலாகவே 90.5 சதவீதம் வந்திருக்கும், எனவே தற்செயல் ஒற்றுமையைக் கழித்து உடன்பாட்டை அளக்கும் கோஹன் கப்பா ஏறக்குறைய 0.16 தான் (முழு உடன்பாட்டுக்கு 1). அரிதான குறியீடுகளில்தான் நோயாளியின் துயரம் இருக்கிறது, அவைதான் மொத்தச் சராசரியில் காணாமல் போகின்றன. கப்பாவைக் குறியீடுவாரியாகப் போடுங்கள்.

கருத்து வேறுபட்ட இடங்களை ஓட்டுப்போட்டு முடிக்காதீர்கள். பதிவை மறுபடி கேட்டு, கையேட்டின் எந்த வரி அந்த வேறுபாட்டுக்கு இடம் கொடுத்தது என்று கண்டுபிடித்து அதைத் திருத்துங்கள். விதி மாறினால் முன்பு குறியிட்டவற்றையும் மறுபடி பார்க்க வேண்டும். பயிற்சி முடிந்த பிறகும் 10 முதல் 20 சதவீதப் பதிவுகளை, எவை என்று முன்கூட்டிச் சொல்லாமல், இன்னொருவரும் குறியிடட்டும். நன்றாகப் பழகியவர்களும் சில வாரங்களில் தங்களையறியாமல் விதியைத் தளர்த்துவார்கள், அது இதில்தான் பிடிபடும்.