முகமாலைக் காணி திரும்பக் கிடைத்த கதை

என் மாமியாருக்கு இலங்கையின் வடக்கே, போர்க்காலத்தில் கண்ணிவெடி புதைக்கப்பட்ட முகமாலையில் இரண்டு ஏக்கர் இருக்கிறது. நாம் நிலம், பத்திரம் என்பதை அந்த ஊர்க்காரர்கள் காணி, உறுதி என்பார்கள், நமக்குக் கண்ணிவெடி என்றால் அவர்களுக்கு மிதிவெடி. 1990இல் படகேறி மண்டபம் வந்தவர், பல வருடம் முகாமில் இருந்து, மகளை எனக்குக் கட்டிக் கொடுத்துவிட்டு 2019இல் ஊர் திரும்பினார். நான் காரைக்குடிக்காரன், புதுவயலில் ஒரு அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன். நம் பக்கத்து முகாம்களில் இருக்கிறவர்கள் "காணியை எப்படி மீட்டீர்கள்" என்று அடிக்கடி கேட்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் நாங்கள் தப்பான கதவைத் தட்டிக்கொண்டிருந்தோம். உறுதியின் நகலோடு ஒரு அலுவலகத்துக்கு அத்தை மூன்று முறை போனார், மூன்று முறையும் "வெடி இருக்கு, பிறகு வாங்கோ" என்ற ஒரே பதில். மனு கொடுத்தால் நகரும் காரியம் இல்லை இது. வெடி அகற்றும் குழுவினர் முதலில் ஊர் மக்களை விசாரித்து வரைபடம் போடுகிறார்கள், எங்கே பதுங்குகுழி இருந்தது, எங்கே மாடு செத்தது என்று. "கிணற்றுக்குப் பின்னால் இரண்டு மாடு கால் போய்ச் செத்தது" என்று அத்தை சொன்னதை அவர்கள் அப்படியே குறித்துக்கொண்டார்கள். அதனால் அவர்கள் வரும்போது வீட்டில் இருந்து, தெரிந்ததை எல்லாம் சொல்லுங்கள். ஊரில் இல்லையென்றால் பக்கத்துக் காணிக்காரரையாவது சொல்ல வையுங்கள்.

அப்புறம் பணம். எங்கள் காணி ஜப்பான் பணத்தில் சுத்தமானது. கொழும்பில் உள்ள அவர்கள் தூதரகம் வெடி அகற்றும் அமைப்புகளோடு ஒப்பந்தம் போட்டு மானியம் தருகிறது. பிரிட்டன், அமெரிக்கா, நார்வே போன்ற நாடுகளும் கொடுக்கின்றன. இலங்கை 2017இல் மிதிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது, 2028 ஜூனுக்குள் வெடிகளை அகற்றி முடிக்க வேண்டும் என்பது கெடு. ஆனால் தருகிற நாடு கையை இழுத்துக்கொண்டால் வேலை நின்றுவிடும். 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை 90 நாளுக்கு நிறுத்தியபோது பல நாடுகளில் வெடி அகற்றும் வேலையும் நின்றது. எங்கள் காணி அதற்குள் கைக்கு வந்துவிட்டது, ஆனாலும் வரிசையில் காத்திருக்கிறவர்களை நினைத்து அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

வேலை நடக்கும்போது ஒரு முறை போய்ப் பார்த்தேன். வெயிலில் முகக்கவசம் போட்டு, முட்டி போட்டு, சின்ன வாரியால் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக வழித்தெடுக்கிறார்கள், ஏனென்றால் அங்கே உள்ள பல வெடிகளில் உலோகம் மிகக் குறைவு, கருவியை மட்டும் நம்ப முடியாது. பாதிக்கு மேல் பெண்கள், பலர் அந்தப் பக்கத்துக்காரர்கள். அந்தப் பணத்தில் பெரும்பகுதி இவர்கள் சம்பளம்தான் என்று தெரிந்தபோது அது சரியான இடத்துக்குப் போகிறது என்று பட்டது.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு விழிப்புணர்வு வகுப்பும் நடத்துகிறார்கள். என் மகனையும் உட்கார வைத்தேன். தொடாதே, கிட்டப் போகாதே, பெரியவர்களிடம் சொல், அவ்வளவுதான் பாடம். அவன் இங்கே தெருவில் கிடக்கிற இரும்பை எல்லாம் பொறுக்கி, பழைய இரும்புக்காரரிடம் போட்டுப் பேரீச்சம்பழம் வாங்குகிற பிள்ளை. அங்கே பழைய இரும்பு என்று எடுத்துத்தான் எத்தனையோ பேருக்குக் கை போயிருக்கிறது. வகுப்பு முடிந்து வந்தவன் என் கையை விடவே இல்லை.

தோண்டி முடித்ததும் உடனே கொடுத்துவிட மாட்டார்கள். அரசுத் தரப்பில் வந்து மறுபடி சோதிப்பார்கள், அதற்குப் பிறகுதான் கையளிக்கும் கடிதம். அதை உறுதியோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள். மழைக்குப் பிறகு புதிதாக ஏதாவது தெரிந்தால் தொடாமல் தகவல் சொல்லுங்கள்.

போன மாதம் அத்தை முப்பது தென்னம்பிள்ளை வைத்தார். முதல் குழியைக் கிணற்றுக்குப் பின்னால்தான் தோண்டினாராம்.