பாப்பா எடை எவ்ளோன்னு கேட்டுக்கினே இருந்தாங்க

போன ஆடி மாசம் எங்க பாப்பாவுக்கு நிமோனியா, மூணு வயசு. குடியாத்தத்துல ரெண்டு நாள் நெபுலைசர் வச்சி பாத்துட்டு கேக்கலன்னதும் 108ல வேலூர் கொண்டாந்தோம். சேக்கறப்போ சிஸ்டர் எடை இன்னான்னு கேட்டாங்க, டாக்டர் வந்து கேட்டார், கொழந்தைங்க ஐ.சி.யு.வான பி.ஐ.சி.யு.ல மறுபடியும் தராசுல போட்டாங்க, கொழந்த மூச்சு வாங்கிக்கினு கெடக்குது இவங்களுக்கு எடைதான் பெருசான்னு எனக்கு செம எரிச்சல். 12 கிலோ.

மறுநா விடிகாலைல, வேகமா இழுத்துக்கினு இருந்த மூச்சு கொஞ்சம் அடங்கின மாதிரி இருந்துச்சு, அப்பாடா தூங்கறான்னு நெனச்சேன். தூக்கம் இல்லீங்க அது, இழுத்து இழுத்து அசந்து போயிட்டா. பெரியவங்களுக்கு நேரா இதயத்துலயே கோளாறாகி நிக்கும், கொழந்தைங்களுக்கு பெரும்பாலும் மூச்சு மொதல்ல தளரும், அப்புறம்தான் இதயம்னு டாக்டர் பின்னாடி சொன்னார். மானிட்டர்ல 150ல ஓடின இதயத் துடிப்பு 90, 70ன்னு எறங்குச்சு, ஆம்பு பேக் வச்சி காத்து குடுத்தும் 60க்கு கீழ போனதும், முழுசா நிக்கறதுக்கு முன்னாடியே நெஞ்ச அமுக்க ஆரம்பிச்சிட்டாங்க.

என்ன வெளிய போன்னு சொல்லல. ஒரு சிஸ்டர் என் கையப் புடிச்சிக்கினு இப்ப இன்னா பண்றாங்கன்னு காதுல சொல்லிக்கினே இருந்தாங்க. ஒருத்தர் 15 தடவ அமுக்க, இன்னொருத்தர் ரெண்டு தடவ காத்து குடுக்க, நெஞ்சு மூணுல ஒரு பங்கு உள்ள போவுது, எலும்பு ஒடஞ்சிடும்னு நான் கத்தினேன். "0.12 அட்ரினலின்"னு யாரோ கேக்காமயே எடுத்து நீட்டினாங்க. இதயத்த மறுபடி துடிக்க வைக்கற மருந்து, கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் கணக்காம் அது. எடைய எதுக்கு கேட்டாங்கன்னு அப்பதான் ஒறச்சிது. போர்டுல எழுதினபடி 7 நிமிஷம், ரெண்டு டோஸ்.

துடிப்பு வந்ததும் முடிஞ்சிதுன்னு நெனச்சேன், அதுக்கப்புறம்தான் இருக்குது. எங்க கொழுந்தனார் போன்ல எங்கயோ படிச்சிட்டு, ஒடம்ப 33 டிகிரிக்கு குளுர வச்சா மூள தப்பிக்குமாம் கேளு அண்ணின்னார். கேட்டேன். ஆஸ்பத்திரிக்குள்ளயே இதயம் நின்ன கொழந்தைங்கள வச்சி 33ஐயும் 36.8ஐயும் ஒப்பிட்டு 2017லயே பாத்துட்டாங்க, ஒரு வருஷம் கழிச்சி பெரிசா வித்தியாசம் இல்ல, ஜொரம் வராம பாக்கறதுதான் வேலன்னார் டாக்டர். எங்க அத்தை போர்வை போத்த வந்து சிஸ்டர்கிட்ட நல்லா வாங்கி கட்டிக்கினாங்க.

மூள எப்படி இருக்கும்னு அன்னிக்கே சொல்ல மாட்டேன்னுட்டார். வெளிய தெரியாம உள்ளுக்குள்ளயே ஃபிட்ஸ் வரலாம்னு தலை பூரா ஒயர் ஒட்டி மூளையோட மின் அலைய பாக்கற இ.இ.ஜி. வச்சாங்க, மூணு நாள் போவட்டும்னார். அமெரிக்கா கணக்குல ஆஸ்பத்திரிக்குள்ள இதயம் நின்னா பத்துல நாலு கொழந்த வூட்டுக்கு போவுது, வெளிய நின்னா பத்துல ஒண்ணுதான்னும் சொன்னார், நாலுல எங்களுது இருக்குமான்னு வூட்டுக்காரர் கேட்டதுக்கு அவர் பதில் சொல்லல. அந்த மனுஷன் மேல எனக்கு நம்பிக்க வந்ததே அதனாலதான். நாலாவது நாள் சளி எடுக்க டியூப் வுட்டப்போ மொகத்த சுளிச்சி சிஸ்டர் கையத் தட்டி வுட்டா, அந்தம்மா "ஆ, திமிரு வந்துடுச்சு"ன்னு சிரிச்சாங்க.

இப்ப நடக்கறா, சாப்பிடறா. பேச்சுதான் இன்னும் பழையபடி வரல, "தண்ணி"ன்னு சொல்ல சொம்ப காட்டறா. செவ்வாக்கெழம தவறாம ஸ்பீச் தெரபிக்கு பஸ் ஏறி வேலூர் போறோம், ஜன்னல் சீட்டு இல்லன்னா ஊரக் கூட்டறா.