படத்தை எடுப்பதும் பெயரை வெட்டுவதும்

தில்லித் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் பொங்கலையொட்டிச் சுற்றும் வாழ்த்துப் படங்களைக் கூர்ந்து பார்த்தால், பலவற்றின் கீழ் மூலையில் எதையோ துடைத்த தடம் தெரியும். ஓவியரின் கையெழுத்து இருந்த இடம் அது. நான் வரைந்த படம் ஒன்றுக்கும் இந்தக் கதி நேர்ந்தது. பானையும் கரும்பும் மஞ்சள் கொத்தும் அப்படியே இருக்க, என் பெயர் இருந்த இடத்தில் மட்டும் கோலத்தின் இழைகள் பாதியில் அறுந்து, அதன்மேல் ஒரு நகைக்கடையின் முத்திரையும் தொலைபேசி எண்ணும் ஏறியிருந்தன. மயூர் விஹாரில் இருக்கும் என் அத்தையே, "எவ்வளவு அழகா வரைஞ்சிருக்காங்க பாரு" என்று அதை எனக்கு அனுப்பிவைத்தார்.

அனுமதியின்றிப் படத்தை எடுத்தது ஒரு தவறு. பெயரை நீக்கியது வேறொரு தவறு. பெரும்பாலோர் இரண்டையும் ஒன்றாகவே பார்க்கிறார்கள். என் கணக்கில் இரண்டாவதுதான் பெரிது. ஏனெனில், பெயரோடு சுற்றும் படம் அடுத்த வேலையையாவது கொண்டுவரும். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும் இவற்றைத் தனித்தனியாகவே வைத்திருக்கிறது. அதன் 57ஆவது பிரிவு, பதிப்புரிமையை முழுவதுமாக விற்றுவிட்ட பிறகும், இது தன் படைப்பு என்று சொல்லிக்கொள்ளும் உரிமையையும், தன் மதிப்புக்குக் கேடாக அதைச் சிதைப்பதைத் தடுக்கும் உரிமையையும் படைப்பாளியிடமே விட்டுவைக்கிறது. இந்தப் பிரிவுக்கு உயிர் கொடுத்த வழக்கு இதே ஊரில் நடந்தது. அரசின் மாநாட்டு மாளிகையான விஞ்ஞான் பவனில் சிற்பி அமர்நாத் சேகல் உருவாக்கிய மாபெரும் வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை அரசு 1979இல் பெயர்த்தெடுத்துக் கிடங்கில் போட்டது. அவர் தொடுத்த வழக்கில், எஞ்சிய பாகங்களைத் திருப்பித் தரவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் தில்லி உயர் நீதிமன்றம் 2005இல் உத்தரவிட்டது. சிற்பத்துக்கு உரிமையாளர் அரசு. ஆனாலும் சிற்பியின் உறவு அறுந்துவிடவில்லை. போதாததற்கு, ஆசிரியரின் பெயர் போன்ற உரிமை விவரங்களை அனுமதியின்றித் தெரிந்தே நீக்குவதை, 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்த 65பி பிரிவு இரண்டாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியிருக்கிறது.

தில்லியின் துவாரகா பகுதியில் உள்ள பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவு செய்தால்தான் உரிமை கிடைக்கும் என்று நண்பர்கள் பலர் நம்புகிறார்கள். அப்படியில்லை, வரைந்து முடித்த கணமே உரிமை பிறந்துவிடுகிறது, ஓவியரின் ஆயுளுக்குப் பின் 60 ஆண்டுகள் வரை அது நீடிக்கிறது. பதிவு என்பது சாட்சிக்கு வலுச்சேர்ப்பது, அவ்வளவே. அதற்கு நிகரான சாட்சி நம் கையிலேயே இருக்கிறது: பென்சில் வரைவுகள், அடுக்கடுக்காகச் சேமித்த மூலக் கோப்பு, முதன்முதலில் அனுப்பிய மின்னஞ்சல். இவற்றை நான் அழிப்பதே இல்லை.

பொதுவெளியில் இடும் படத்தின் அகலத்தை 1,080 பிக்சலுக்கு மேல் விடுவதில்லை. நல்ல அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வேண்டுமென்பதால், அந்தக் கோப்பை நாலு அங்குல அகலத்துக்குக்கூடத் தெளிவாக அச்சிட முடியாது. நாட்காட்டிக்காரர்கள் அதைத் தொடமாட்டார்கள். மூலையில் போடும் வாட்டர்மார்க்கை ஒரே வெட்டில் எடுத்துவிடலாம் என்பதால், இப்போது என் பெயரைப் பானையின் கழுத்திலோ கோலத்தின் சிக்கு இழைக்குள்ளோ எழுதிவிடுகிறேன். கோப்புக்குள் பதிக்கும் பெயர் விவரங்களை மட்டும் நம்பியிருக்க வேண்டாம்; வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பியதுமே அவை உதிர்ந்துவிடும்.

இத்தனைக்கும் பிறகு திருடினால், எழுத்துமூலமான புகார்தான் வழி. படம் இருக்கும் தளத்துக்கு, அது எந்தப் பக்கத்தில் இருக்கிறது, உரிமை நமதென்பதற்கு என்ன ஆதாரம் என்பவற்றோடு, 21 நாட்களுக்குள் நீதிமன்ற உத்தரவைத் தருவதாக உறுதிமொழியும் சேர்த்து அனுப்ப வேண்டும். 2013ஆம் ஆண்டுப் பதிப்புரிமை விதிகளின்படி, புகாரில் திருப்தி அடைந்தால் தளத்தார் 36 மணி நேரத்துக்குள் படத்தை முடக்க வேண்டும். உத்தரவு வராவிட்டால் 21 நாட்களுக்குப் பின் அது மறுபடியும் தலைகாட்டலாம். ஒரு வாழ்த்துப் படத்துக்காக எந்த ஓவியர் வக்கீலைத் தேடி ஓடுவார்? நகைக்கடைக்கு நான் நேரடியாகவே கடிதம் எழுதினேன். "கூகுளில் இருந்துதானே எடுத்தோம்" என்று பதில் வந்தது. 57ஆவது பிரிவையும் 65பி பிரிவையும் குறிப்பிட்டு, மூலக் கோப்பின் அடுக்குகளைப் படமெடுத்து இணைத்து இரண்டாவது கடிதம் போனதும், அவர்கள் தங்கள் பக்கத்திலிருந்து படத்தை எடுத்துவிட்டார்கள். குடும்பக் குழுக்களில் அது இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதை யாராலும் திரும்ப அழைக்க முடியாது.

திருடாமலேயே உரிமை கைமாறும் இடமும் உண்டு. கூலி பெற்றுக்கொண்டு ஒருவர் கேட்டதற்காக வரைந்த ஓவியத்துக்கு, மாற்று ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், வரையச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்கிறது 17ஆவது பிரிவு. ஆகவே முன்பணம் வாங்குமுன்பே, உரிமை என்னுடையது, இன்ன பயன்பாட்டுக்கு மட்டும், இத்தனை காலத்துக்கு, ஓவியரின் பெயரை நீக்கக் கூடாது என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுகிறேன். காலத்தைப் பற்றியும் பயன்பாட்டைப் பற்றியும் வாடிக்கையாளர்கள் பேரம் பேசுவதில்லை. தகராறு வருவதெல்லாம் பெயரைப் பற்றிய அந்தக் கடைசி வரியில்தான். அதை எடுக்கச் சொல்பவர்களுக்கு நான் வரைந்து கொடுப்பதில்லை.