எடைச் சீட்டு

"தம்பி, இதுல எத்தன கிலோ போட்டுருக்காகன்னு பாருங்களேன்."

இன்று காலை பாம்பன் கரையில் ஓர் அக்கா சீட்டை நீட்டினார். கடலில் பாசி எடுக்கும்போது பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் சுற்றியிருந்த துணி இன்னும் ஈரமாகவே இருந்தது. மூச்சடக்கி முங்கி எடுத்த பாசிக்கு என்ன எடை, என்ன காசு என்பதை அடுத்தவர் வாயால்தான் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பொறுக்கவில்லை எனக்கு.

சேவைச் சங்கங்கள் பள்ளி திறக்கும்போது பையும் நோட்டும் தருகின்றன. தேவைதான், நிறுத்த வேண்டாம். ஆனால் அந்தப் பிள்ளைகளின் அம்மா அப்பாவுக்கும் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்கலாமே.

முதலில் கண்ணாடி. நாற்பது தாண்டினால் கிட்டத்தில் இருக்கும் எழுத்து மங்கும், அப்புறம் எங்கே படிப்பது! லயன்ஸ் சங்கங்கள் கண் முகாம் நடத்துகின்றன, அங்கேயே படிக்கிற கண்ணாடி கொடுத்து, மறுநாள் சாயங்காலமே வகுப்பைத் தொடங்கலாம்.

ரோட்டரி சங்கங்களுக்கு எழுத்தறிவு மாதம் செப்டம்பர். எங்கள் கரைக்குத் தோதான காலம் வேறு: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். விசைப்படகுக்குப் போகிற ஆண்கள் கரையில் இருப்பார்கள். ஒரு கொட்டகை, நல்ல வெளிச்சம், ஊருக்குள்ளேயே படித்த ஒரு பெண்ணுக்கு மாதச் சம்பளம் போதும். பாடப் புத்தகத்துக்கு முன்னால் எடைச் சீட்டு, பேங்க் சலான், பஸ் போர்டு இவற்றை வைத்தே சொல்லிக்கொடுக்கலாம்.

ராமநாதபுரம், ராமேஸ்வரம் பக்கம் சங்கங்களில் இருக்கும் நண்பர்களே, வரும் ஏப்ரலுக்கு இப்போதே பேசுவோமா? இடம் பார்க்க நான் கூட வருகிறேன்.